ஊறுகாய் பாட்டிலில் வந்த தேள்

“கை வெக்கலாமா வேணாமா, அத்த மட்டும் சொல்லுங்க மேடம். மத்ததெல்லாம் எனுக்கு எதுக்கு?”

என் நிலத்துக் கரையில் புல் அறுக்க வந்தவள் கேட்ட முதல் கேள்வி இது. அதற்கு முன் நான் கால் மணி நேரம் தேளின் உடலமைப்பைப் பற்றிப் பேசியிருந்தேன். கையில் அரிவாளோடு நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, நல்ல பத்திரிகைத் துணை ஆசிரியர் செய்வதைப் போல என் பேச்சை ஒரே வரிக்கு வெட்டிவிட்டாள்.

“வைக்கலாம்” என்றேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை தொடங்கும் இடத்தில் ஒன்றரை ஏக்கர் வாங்கிக் குடிவந்திருந்தேன். மேற்கு எல்லையில் மலைத் தண்ணீரைத் தடுக்க யாரோ எப்போதோ போட்ட கரை இருந்தது. செம்மண்ணும் கல்லும் கலந்தது, நான்கடி உயரம். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் சித்திரையிலும் அதன் நிழல் பக்கத்தில் புல் பச்சையாக இருக்கும். அவளுக்கு ஒரு கறவை மாடு இருந்தது, நிலம் இல்லை. புல் அவளுக்கு, கரை சுத்தமாக இருப்பது எனக்கு என்று பேசிக்கொண்டோம். மற்ற நாட்களில் களையெடுக்கவும் மரவள்ளி பிடுங்கவும் கூலிக்குப் போவாள். இரண்டு கையும் நன்றாக இருந்தால்தான் அவள் வீட்டில் வாரம் ஓடும். அந்தக் கரையில் நட்டுவாக்காலி இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஆகவே அவள் கேட்டது விளையாட்டுக் கேள்வி அல்ல. என் ஒரு சொல்லை நம்பி அவள் புல்லுக்குள் கைவிட்டாள்.

நட்டுவாக்காலி என்று எங்கள் பக்கத்தில் சொல்வது பெரிய கருந்தேளை. கொட்டினால் ஆள் பிழைக்காது என்பார்கள். நண்டுக்கு இருப்பது போன்ற இரண்டு பருத்த முன் கொடுக்குகளோடு அது வருவதைப் பார்த்தால் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேள் செய்தி எது வந்தாலும் ‘கொடிய விஷத் தேள்’ என்று தலைப்பு வைத்தவர்களில் நானும் ஒருத்தி. எந்தத் தேள், என்ன நிறம், யார் பார்த்தார்கள் என்று ஒரு நிருபரையும் கேட்டதாக நினைவில்லை. மலையடிவாரத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பிராணியை உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்தது.

கரையில் ஐந்து வளைகள் இருந்தன. தேள் வளையை எலி வளையோடு குழப்பிக்கொள்ள முடியாது. எலி வளை வட்டமாக இருக்கும். தேள் வளையின் தரை தட்டை, கூரை வளைவு. பாதி இட்லியைக் குப்புறக் கவிழ்த்தது போன்ற வாய். தேள் தன் உடம்பின் அகலத்துக்கு மேல் ஒரு விரற்கடை கூடத் தோண்டுவதில்லை. வாசலில் புது மண் விசிறி போலப் பரவியிருக்கும். அதன் மேல் வண்டுகளின் பளபளக்கும் இறக்கை ஓடுகள், கரப்பான் கால்கள், ஒருமுறை பல்லியின் வால். சாப்பிட்ட இடத்தை அது சுத்தம் செய்வதில்லை.

அவள் தெரியாமல் வளைக்கு நேரே அரிவாளை வீசிவிடக் கூடாது என்று, ஒவ்வொரு வளைக்குப் பக்கத்திலும் ஒரு மூங்கில் குச்சி நட்டு, நுனியில் வெள்ளை பெயின்ட் அடித்தேன். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணும் போட்டேன்.

“தேளுக்குக் கதவு நெம்பரா?” என்றாள். “எங்க தெருவுக்கே இன்னும் போடல.”

பொழுது சாய்ந்து அரை மணி நேரத்தில் தேள் வாசலுக்கு வரும். வெளியே அலைவது அரிது. இரண்டு கொடுக்குகளையும் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, வாசற்படியிலேயே காத்திருக்கும். அதற்குப் பல கண்கள் இருந்தும் பார்வை மங்கல். வயிற்றுக்கடியில் சீப்பு போன்ற இரண்டு உறுப்புகளும், கால்களில் உள்ள நுண்ணிய மயிர்களும் மண்ணின் அதிர்வையும் வாசனையையும் சொல்லிவிடுகின்றன. வண்டு ஒன்று ஒரு சாண் தூரத்தில் நடந்தால் தேள் அசையாது. நான்கு விரற்கடைக்குள் வந்ததும் பிடித்துவிடும். நான் பார்த்த இரண்டு ஆண்டுகளில் வளர்ந்த கருந்தேள் இரைக்கு வாலைப் பயன்படுத்தியதை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். கொடுக்காலேயே நொறுக்கிவிடும். கடலை உடைப்பது போன்ற சத்தம் கேட்கும்.

பார்க்க எனக்கு உதவியது கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கினேன். அந்த ஒளி பட்டால் தேளின் ஓடு பச்சையாக ஒளிரும். பகலில் கரியும் கருநீலமுமாக இருக்கிற பிராணி, ஏழு மணிக்கு அந்த வெளிச்சத்தில் கோயில் டியூப்லைட் போல நிற்கும். ஏன் ஒளிர்கிறது என்பதற்கு உறுதியான பதில் கிடைத்ததாக நான் படித்தவரை தெரியவில்லை.

நான்காம் எண் வளையில் இருந்தது பெண். இடது கொடுக்கின் அசையும் விரலில் நுனி உடைந்திருந்தது. அதை வைத்துத்தான் அடையாளம். ஒருமுறை அது முழுவதும் வெளியே வந்தபோது பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தேன். பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல் போதவில்லை. ஸ்கேல் நுனி பட்டதும் அது சீறியது. காய்ந்த கரும்புச் சோகையை விரலால் தேய்த்தால் வருமே, அந்தச் சத்தம். கொடுக்கின் அடியையும் முன்காலின் அடியையும் உரசி அந்தச் சத்தத்தை உண்டாக்குகிறது. பாம்பு என்று நினைத்து இரண்டடி பின்னால் போனேன். அதுதான் அதன் நோக்கமும்.

போன ஆனி மாதம் அது பத்து நாள் வாசலுக்கு வரவில்லை. செத்துவிட்டது என்று முடிவு செய்யப்போன சாயங்காலம், முதுகு முழுவதும் குட்டிகளோடு வந்து நின்றது. தேள் முட்டையிடுவதில்லை, குட்டிதான் போடும். குட்டிகள் தாயின் காலைப் பிடித்து முதுகில் ஏறிக்கொள்கின்றன. சோற்றுப் பருக்கை போல வெள்ளை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி. முதல் நாள் எண்ணியபோது இருபத்து மூன்று. மறுநாள் இருபத்தாறு. மூன்று அடியில் இருந்திருக்க வேண்டும். டார்ச் அடித்தால் தாய் பச்சையாக ஒளிர்ந்தது, குட்டிகள் ஒளிரவில்லை. ஓடு கெட்டிப்படும் வரை அந்த ஒளி வருவதில்லை. இரண்டு வாரத்தில் முதல் தோலை உரித்தன, பழுப்பாகின, இறங்கி வாசலில் நிற்கத் தொடங்கின. அதற்குப் பிறகும் பல நாள் தாயோடு ஒரே வளையில் இருந்தன.

அவளை அழைத்துக் காட்டினேன். அதற்குள் அவள் என்னை மேடம் என்பதை விட்டு யக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

“ஐய, இம்மாம் புள்ளைங்களா!” என்று குனிந்து பார்த்தாள். “எத்தினி நாளு சொமக்கும் வயித்துல?”

“ஒரு வருஷத்துக்குக் கிட்ட.”

“ஒரு வருசமா?” குனிந்தவள் நிமிர்ந்தாள். “அப்ப கொட்டறதுல தப்பே இல்லக்கா.”

அதன் விஷம் கம்மி, குளவி கொட்டிய அளவுக்குத்தான் வலி என்று அன்றும் சொன்னேன். பெரும்பாலும் சரியான தகவல்தான். கொடுக்கு பருத்து வால் மெலிந்த தேளுக்குக் கொடுக்கில் பலம். கொடுக்கு மெலிந்து வால் பருத்த தேளுக்கு விஷத்தில் பலம். எங்கள் பகுதியில் ஆளைக் கொல்லக்கூடியது ஒரு விரல் நீளம்கூட இல்லாத செந்தேள். ஓட்டுக்கடியில், விறகுக்கடியில், காய்ந்த சோளத் தட்டுக்குள் இருக்கும். கண்ணில் பட்டால் செருப்பால் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதைப் பற்றியும் அவளிடம் சொல்லியிருந்தேன். ஆனால் நான் நேரில் பார்த்ததும், எண் போட்டதும், விரிவாகப் பேசியதும் பெரியதைப் பற்றித்தான். ஒரு செய்தியில் எதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோமோ, அதைத்தான் வாசகர் நினைவில் வைத்துக்கொள்கிறார். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆடி இரண்டாம் வாரம். காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. காலை பத்து மணி இருக்கும். கிணற்று மேட்டில் வைக்கோலைப் போலப் போர் போட்டு வைத்திருந்த மல்லாட்டைக் கொடியில் மாட்டுக்கு ஒரு கட்டு உருவிக்கொள்ள வந்திருந்தாள். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கடலை பறித்த பின் காய்ந்த கொடி மாட்டுக்குத் தீவனம். அவள் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறவர். அன்று வேலை இல்லாததால் கூட வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

நான் வீட்டுக்குள் இருந்தேன். “யம்மா” என்று ஒரு சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடி போர் அருகே குந்தியிருந்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிவந்த புள்ளி.

“கொட்டிச்சுக்கா. எரியுது.”

வீட்டுக்காரர் அங்கே இல்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடியிருந்தார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் பாம்போ தேளோ கடித்தால், கடிபட்டவரைத் தூக்குவதற்கு முன் கடித்ததைப் பிடிப்பார்கள். அதையும் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினால்தான் சரியான ஊசி போடுவார் என்று நம்பிக்கை. கடித்தது இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது, ரேஷன் கார்டு இல்லாமல் தாலுகா ஆபீசுக்குப் போவதைப் போல. கேரி பையில் செத்த விரியனோடு வார்டு வாசலில் நிற்பவர்களைப் படம் பிடித்து நாங்களே பத்திரிகையில் போட்டிருக்கிறோம். அந்த வேட்டையில் ஒரு பழுது உண்டு. வலி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பிராணியைத்தான் தேடுவார்கள். கிடைத்துவிட்டால் தேடலை நிறுத்திவிடுவார்கள்.

அவருக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளை பெயின்ட் அடித்த ஐந்து குச்சிகளை நானே நட்டு வைத்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் என் சமையலறை ஊறுகாய் பாட்டிலோடு வந்தார். எலுமிச்சங்காய் ஊறுகாய் லேபிளுக்குப் பின்னால் ஒரு பெரிய கருந்தேள், நசுங்கி, வால் மடங்கிக் கிடந்தது. “இதாங்க மேடம். நட்டுவாக்காலி. புடிச்சிட்டேன்.”

நான் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். பருத்த கொடுக்கு, மெலிந்த வால். மனம் லேசாகியது.

“பயப்படாத” என்று அவளிடம் சொன்னேன். “இது நம்ம கரையில இருக்கறதுதான். வலிக்கும், ரெண்டு மணி நேரத்துல அடங்கிடும். கையைக் கழுவு, ஐஸ் வைக்கலாம்.”

அவள் உடனே அமைதியானாள். அவள் முகம் தெளிந்ததை இப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“பத்தியா, யக்கா சொன்னா கரெக்டா இருக்கும்” என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். “நீ பாட்டுக்கு மண்ண நோண்டிக்கினு கெடக்கற. அதோட வூட்ட இடிச்சிட்டியா?”

“இடிக்காம பூவா போட்டு வெளிய கூப்புடுவாங்க?”

நான் காபி போட உள்ளே போனேன். இருபது நிமிடம் கழித்து டம்ளரோடு வந்தபோது அவள் ரவிக்கை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. ஐஸ் தண்ணீர் என்று முதலில் நினைத்தேன். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஆடிக் காற்று வேப்பிலையை உதிர்த்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் இரண்டு பேருக்கும் வியர்க்கவில்லை. காபியை நீட்டினேன். வாங்காமல் பக்கவாட்டில் குனிந்து வாந்தி எடுத்தாள். கொட்டாத கையைத் தொட்டேன். கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது.

பாட்டிலை மறுபடி எடுத்துத் திருப்பினேன். லேபிள் மறைத்திருந்த பக்கத்தில் இடது கொடுக்கு தெரிந்தது. அசையும் விரலின் நுனி உடைந்திருந்தது.

நான்காம் எண் வளை கரையின் தெற்குக் கோடியில். கிணற்று மேட்டிலிருந்து அறுபது, எழுபது தப்படி. இரவிலேயே வாசலைத் தாண்டாத பிராணி, பகல் பத்து மணிக்கு வெயிலில் நடந்து வந்து போருக்குள் ஏறி ஒரு பெண்ணைக் கொட்டிவிட்டு, திரும்பிப் போய் வளைக்குள் உட்கார்ந்துகொள்ள முடியாது.

“இதை எங்க பிடிச்சீங்க?” என்று அவரைக் கேட்டேன்.

“கரையாண்டதான். நீங்கதான் நெம்பர் போட்டு வெச்சிருக்கீங்களே.”

“போர்ல பாக்கவே இல்லையா?”

“போர்ல எங்க மேடம் இம்மாம் பெருசு இருக்கும்?”

அவளிடம் கேட்டேன். “கொட்டினது எது? நீ பாத்தியா?”

“இன்னாவோ செவப்பா ஓடுச்சு. சின்னதா. பூரான் குட்டின்னு நெனச்சேன்.” வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“ஏன் சொல்லலை?”

“நீதான் பாட்டில பாத்துட்டு இதான்னு சொன்னியே.”

பாட்டிலில் இருந்த தேளை நான் சரியாகத்தான் அடையாளம் கண்டிருந்தேன். கொட்டியது அதுதானா என்று கேட்கவில்லை. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் போய்விட்டது.

காரை எடுத்தேன். அவர் அவளைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார். பாட்டிலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். வழியில் அவள் ஒரு முறை, “மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவாங்க?” என்றாள்.

அங்கே பணியில் இருந்த நர்ஸ் நடுத்தர வயதுக்காரர், குள்ளம், சத்தமான குரல். வீட்டுக்காரர் பாட்டிலை நீட்டினார்.

“அத்த அந்தாண்ட வையி” என்றார் நர்ஸ். “பாட்டில்ல இருக்கறதுக்கா நான் வைத்தியம் பாக்கறேன்? ஆள படுக்க வையி.”

நாடியைப் பிடித்தார். பிரஷர் பார்த்தார். வியர்வையைப் புறங்கையால் தொட்டார். ‘எந்தத் தேள்’ என்று கேட்கவே இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒரு மாத்திரை கொடுக்கச் சொன்னார். ஏறியிருந்த ரத்த அழுத்தத்தை இறக்கி இதயத்தைக் காப்பது அது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். செந்தேள் விஷம் ஆளைக் கொல்வது இதயத்தின் வழியாக. ஆம்புலன்ஸ் வந்தது. கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார்கள். நான் பின்னால் காரில் போனேன். பாட்டில் என் பக்கத்து சீட்டில் பெல்ட் இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் நடந்ததை உள்ளபடி சொன்னேன். இருபது நிமிடத்தை நான்தான் வீணாக்கினேன் என்பதையும் சொன்னேன். செய்தியில் திருத்தம் போடுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. அவர் இளைஞர். “ஒரு மணி நேரத்துக்குள்ள மாத்திரை உள்ள போயிடுச்சு, நல்லாயிடுவாங்க” என்றார். “இனிமே எது கொட்டினாலும் நேரா இங்க வாங்க. ஐ.டி. கார்டு தேவையில்ல.” பாட்டிலைப் பார்த்துத்தான் சொன்னார்.

முதல் நாள் கண்ணாடி வழியே மானிட்டரின் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் வாந்தி நின்றது. மறுநாள் காலை கை சூடாக இருந்தது. மூன்றாம் நாள் பொது வார்டில் இட்லி கேட்டாள்.

வீட்டுக்காரருக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. “இம்மாம் பெருச உட்டுட்டு அந்தத் துக்கடாவா இவள இந்தப் பாடு படுத்திச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நீ இம்மாம் பெருசா இருக்கற, இன்னா கிழிச்ச?” என்றாள் அவள், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

அன்று பகலில் எதிர்க் கட்டிலுக்கு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். நைனார்பாளையம் பக்கத்துக்காரர். கரும்புத் தோட்டத்தில் காலில் ஏதோ கடித்துவிட்டது. கூட வந்த மகன் சாக்குப்பையோடு நின்றான். நர்சிடம் காட்டப் போகுமுன் இவள் கட்டிலில் இருந்தே கூப்பிட்டாள்.

“தம்பி, பையில இன்னா?”

“சாரைங்க அக்கா. அடிச்சிட்டோம்.”

“கடிச்சத யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல. பக்கத்து வரப்புல போய்க்கினு இருந்துச்சு.”

“அப்ப அத்தக் கொண்டும்போய் போட்டுட்டு வா. அப்பாவ கேளு, இன்னா கலர்ல பாத்தாருன்னு. அவரு வாயி நல்லாத்தான இருக்குது?”

மகன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். பெரியவர் மெல்லத் தலையைத் தூக்கி, தான் ஒன்றையும் பார்க்கவில்லை, ஆனால் சாரை இல்லை என்பது மட்டும் நிச்சயம், சாரையைத் தனக்கு நாற்பது வருடமாகத் தெரியும் என்றார். நர்ஸ் வந்து எல்லாரையும் ஒதுங்கச் சொன்னார். அவரும் பிறகு தேறினார்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்து பன்னிரண்டு நாள் கழித்து அவள் என் நிலத்துக்கு வந்தாள். கரையைப் பார்த்தாள். நான்காம் வளை இருந்த இடத்தில் கடப்பாரை போட்ட குழி. தாயோடு இருந்த குட்டிகளில் எவை தப்பின, எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. மழை வந்தபின் கரையின் வடக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன வாய்கள் திறந்திருக்கின்றன. அவை அதன் குட்டிகள்தானா என்று சொல்ல ஆதாரம் இல்லை.

“புல்லு நான் அறுத்துக்கறேன்” என்றாள். “மல்லாட்டக் கொடிக்கு மட்டும் நான் கைய நீட்ட மாட்டேன். ஆனா மாட்டுக்கு அது வேணும்.”

“நான் இறக்கறேன்.”

“நீயா?”

“நான்தான்.”

கம்பூட்ஸ் போட்டுக்கொண்டேன். நீளமான கவைக்கோலை எடுத்துப் போரின் உச்சியிலிருந்து கொடியை வாரி வாரிக் களத்தில் போட்டேன். அவள் மோட்டார் ரூம் படியில் ஏறி நின்றுகொண்டாள். வீட்டுக்காரர் பக்கத்தில் பிளாஸ்டிக் பக்கெட்டோடு நின்றார். வழவழப்பான பிளாஸ்டிக்கில் தேளால் ஏற முடியாது என்று நான்தான் பக்கெட் கேட்டிருந்தேன்.

போரின் பாதிக்குக் கீழே முதல் செந்தேள் கிடைத்தது. அரக்குச் சிவப்பு, மெல்லிய கொடுக்கு, உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் தடித்த வால். நீளம் பார்க்க உட்கார்ந்தேன்.

“அளவெடுக்கறத அப்பால வெச்சிக்க” என்றாள் படியிலிருந்து. “அடுத்தத தூக்கு. கீழ பாத்து, கீழ பாத்து. கால நகத்து. அந்தாண்ட ஓடுது பாரு, உன் எடது பக்கம்.”

அவள் கண் என் கண்ணை விடக் கூர்மை. கிடைத்த நான்கில் மூன்றை அவள்தான் முதலில் பார்த்தாள். அவற்றைக் கரையைத் தாண்டி மலைப்பக்கம் கொண்டுபோய் விடலாம் என்று எனக்கு எண்ணம் இருந்தது. “விடறியா?” என்றாள் அவள். அந்த நேரத்தில் அந்த விஷயத்தில் எனக்கு வாக்கு இல்லை என்று புரிந்தது. வீட்டுக்காரர் வேலையை முடித்தார். பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மூன்று மணிக்குள் போர் முழுவதும் களத்தில் மெல்லியதாகப் பரவிக் கிடந்தது. வெயில் அடி வரை போயிற்று. கோமுகி அணைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. காய்ந்த கொடி வாசனை வீட்டு வாசல் வரை இருந்தது. அவள் படியைவிட்டு இறங்கி, துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் ஒரு கட்டு அளவுக்குக் கொடியைக் கவைக்கோலால் தூக்கி, அவள் பார்க்கும்படி உதறினேன். மண்ணும் சருகும் உதிர்ந்தன. வேறு ஒன்றும் விழவில்லை.

“இன்னொருவாட்டி ஒதறு” என்றாள்.

உதறினேன்.